எடை குறைப்பு ஊசியோடு ‘கண்காணிப்புப் பயிற்சி’ என்று விற்றார்கள். கண்காணிக்க ஒருவரும் இல்லை

உடல் பருமனுக்கான ஊசியோடு, பயிற்சியாளரின் நேரடிக் கண்காணிப்பில் உடற்பயிற்சியும் அளிக்கிறோம் என்று சொல்லி ஓராண்டுக் கட்டணம் முழுவதையும் முன்பணமாகப் பெற்றுக்கொண்ட ஒரு சிகிச்சை மையத்தில் நான் ஏமாந்த விதத்தை இங்கே பதிவு செய்கிறேன்.

என்னை நம்பவைக்க அவர்கள் எடுத்துக்காட்டிய ஆய்வு பொய்யன்று. டென்மார்க்கில் நடந்து 2021இல் வெளியான அதில், எட்டு வாரம் குறைந்த கலோரி உணவு உண்டு எடை குறைத்த 195 பேரை நான்கு பிரிவாக்கி ஓராண்டு கவனித்தார்கள். லிராகுளூடைட் என்ற, பசியைக் குறைக்கும் ஊசியையும் உடற்பயிற்சியையும் சேர்த்துப் பெற்றவர்களின் உடற்கொழுப்பு விகிதம், இரண்டில் ஒன்றை மட்டும் பெற்றவர்களுக்குக் குறைந்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு குறைந்திருந்தது. ஆனால் அங்கே வாரம் இருமுறை பயிற்றுநர் முன்னிலையில் குழுவாகப் பயிற்சி நடந்தது, இதயத்துடிப்பும் அளக்கப்பட்டது என்பதை அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்குக் கிடைத்த ‘கண்காணிப்பு’ முதல் வாரத்தோடு முடிந்தது. ஓர் இளைஞர் டிரெட்மில்லை இயக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். அதன்பின் கைப்பேசிக்கு வீடியோக்கள் வந்தன, அவற்றைப் பார்த்துப் பயிற்சி செய்தேனா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. ஊசி மட்டும் வாரம் தவறாமல் போடப்பட்டது. எனக்குப் போட்டது அதே வகையைச் சேர்ந்த செமாகுளூடைட். அந்த ஊசியை வாரத்துக்கு 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை படிப்படியாகக் கூட்டுவதே வழக்கமான முறை. எனக்கோ மூன்றாம் வாரமே 1 மில்லிகிராம் கொடுத்தார்கள். வாந்தியால் நாள் முழுவதும் சரியாகச் சாப்பிட முடியவில்லை என்றபோது, ‘மருந்து நன்றாக வேலை செய்கிறது’ என்று சிரித்தார்கள்.

எடை குறைந்துகொண்டே வந்ததால் நானும் அவர்களைப் பிறரிடம் புகழ்ந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஐந்தாம் மாதத்தில் தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. மாடிப்படியில் தொடைகள் நடுங்கின. குறைந்தது கொழுப்பு மட்டுமன்று என்று அப்போதுதான் உறைத்தது. செமாகுளூடைட் குறித்த பெரிய ஆய்வு ஒன்றில், பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரின் உடலமைப்பை ஸ்கேன் மூலம் அளந்தபோது, இழந்த எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் கொழுப்பல்லாத நிறை (தசை, உடலிலுள்ள நீர் போன்றவை) என்று தெரியவந்தது. அது முழுவதும் தசை அன்று என்றாலும், எடை தூக்கும் பயிற்சியும் போதிய புரதமும் இந்தச் சிகிச்சையோடு ஏன் வலியுறுத்தப்படுகின்றன என்பது இதிலிருந்து விளங்கும். அந்த மையம் என் எடையைத் தவிர வேறெதையும் ஒருமுறைகூட அளக்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நான் கையெழுத்திட்ட படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ‘உடற்பயிற்சி என்பது பரிந்துரை மட்டுமே’ என்றிருந்த வரியை விரலால் சுட்டிக்காட்டினார்கள். ஊசியை நிறுத்தினேன், எப்படி நிறுத்துவது, நிறுத்தியபின் என்ன செய்வது என்று வழிகாட்ட அங்கே ஒருவரும் இல்லை. இழந்த எடையில் பாதி சில மாதங்களில் திரும்பிவிட்டது. டென்மார்க் ஆய்வில் பங்கேற்றவர்களைச் சிகிச்சை முடிந்தபின் மேலும் ஓராண்டு கவனித்தபோது, பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்கள் ஊசி மட்டும் பெற்றவர்களைவிடக் குறைவாகவே எடை கூடியிருந்தார்கள். நான் பணம் கொடுத்தும் பெறாமல் போனது சிகிச்சையின் பயிற்சி என்ற அந்தப் பாதியைத்தான்.

இப்போது நான் செல்லும் மருத்துவர் முதல் நாள் என்னை எடை பார்க்கும் கருவியில் ஏற்றவில்லை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.