நீல லேசரை நிறம் மாற்ற எந்த ஒளிர்பொருள் ஏற்றது?

நீல லேசர் கற்றையை ஒளிர்பொருளின் (ஒளியை உறிஞ்சி வேறு நிறத்தில் உமிழும் பொருளின்) மேல் பாய்ச்சினால் மஞ்சள், பச்சை, சிவப்பு என வேண்டிய நிறம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வெளிவருவது லேசர் அன்று. உறிஞ்சப்பட்ட நீலம் நீண்ட அலைநீளத்துடன் எல்லாத் திசைகளிலும் பரவுவதால், கற்றையின் நேர்த்தி அங்கேயே மறைந்துவிடுகிறது. கிடைப்பது, ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள புள்ளியிலிருந்து பொங்கும் வெளிச்சம். அந்தச் சிறிய புள்ளிக்காகவே புரொஜெக்டர்களும், 2014இல் பிஎம்டபிள்யூ ஐ8 காரின் முகப்பு விளக்கும் இந்த வழியைத் தேர்ந்தன.

சிறிய புள்ளி என்றாலே குவிந்த வெப்பம். 450 நானோமீட்டர் நீலம் 560 நானோமீட்டர் மஞ்சளாக மாறும்போது, உறிஞ்சிய ஒவ்வொரு ஃபோட்டானும் வீணாகாமல் மாறினாலும், ஆற்றலில் சுமார் 20 விழுக்காடு வெப்பமாகிவிடும். 630 நானோமீட்டர் சிவப்புக்கு அது 29 விழுக்காடு ஆகும். எனவே எந்தப் பொருள் எந்த நிறத்தைத் தரும் என்பதைவிட, எது இந்தச் சூட்டை வெளியே கடத்தும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்த அளவுகோலில் கரிமச் சாயங்கள் உடனே விலகிவிடுகின்றன. அசையாமல் நிற்கும் சாயப் படலம் கடும் ஒளியில் வெளுத்துப்போகும். குவாண்டம் புள்ளிகள் எனப்படும் நானோ அளவுக் குறைகடத்தித் துகள்கள் தரும் குறுகிய, தூய நிறத்துக்கு ஈடில்லை என்றாலும், சூட்டிலும் ஒளிச்செறிவிலும் அவற்றின் திறன் சரிவதால், திரைகளில் பெற்ற வெற்றியை லேசர் புள்ளியில் பெற முடியவில்லை.

உண்மையான போட்டி, சீரியம் கலந்த இட்ரியம் அலுமினியம் கார்னெட் என்ற ஒரே ஒளிர்பொருளின் வெவ்வேறு வடிவங்களுக்கு இடையில்தான் நடக்கிறது. 'யாக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இதன் தூளைச் சிலிக்கோனில் குழைத்த மஞ்சள் தகடு எல்இடி விளக்குகளில் நன்றாகவே உழைக்கிறது. அத்தகைய தகட்டின் மேல், தகுந்த பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, இரண்டு வாட் கற்றையைக் குவித்துப் பார்த்திருக்கிறேன்: முதலில் கண்ணைப் பறிக்கும் மஞ்சள், சில நொடிகளில் நடுவே ஒரு பழுப்புப் புள்ளி, பிறகு கருகிய வாசனையுடன் ஒரு துளை. கருகியது யாக் அன்று, அதைப் பிடித்திருந்த சிலிக்கோன். பழுப்பான இடம் மேலும் நீலத்தை உறிஞ்சி மேலும் சூடாவதால், சேதம் தொடங்கிவிட்டால் நிற்பதில்லை.

கண்ணாடியில் பதித்த தூள் சிலிக்கோனைப் போல் கருகாது. வெப்பத்தை அதைவிட ஏறத்தாழ 5 மடங்கு நன்றாகக் கடத்தும். தூளையே அழுத்திச் சுட்டெடுத்த செராமிக் தகடோ சிலிக்கோனைவிடச் சுமார் 50 மடங்கு கடத்துகிறது. அதை வெள்ளி பூசிய செம்புத் தளத்தில் பற்றவைத்து, ஒளி வரும் பக்கமாகவே திருப்பி எடுக்கும் அமைப்பில், முழு அடிப்பரப்பின் வழியாகவும் வெப்பம் இறங்கிவிடும். தகடு முழுவதும் ஒரே படிகமாக வளர்த்த யாக், அதாவது ஒற்றைப்படிகம், இன்னும் நன்றாகக் கடத்தும் என்பதால் அதுவே சிறந்தது என்று தோன்றலாம். ஆனால் அதற்குள் ஒளியைச் சிதறடிக்க எதுவுமில்லை. யாக்கின் ஒளிவிலகல் எண் 1.83 என்பதால், உள்ளே பிறந்த ஒளியில் ஒரு முகத்தின் வழியே நேராகத் தப்புவது 10 விழுக்காட்டுக்கும் குறைவு. மீதி பக்கவாட்டில் ஓடிப் புள்ளியை அகலமாக்குகிறது. நுண்துளைகளோ அலுமினாத் துகள்களோ கொண்ட செராமிக் அந்த ஒளியை இருந்த இடத்திலேயே சிதறடித்து வெளியேற்றுகிறது. குறை போலத் தெரியும் அத்துளைகளே எனக்கு அதன் பெருஞ்சிறப்பாகப் படுகின்றன.

புரொஜெக்டர்களில் உள்ள, ஒளிர்பொருள் பூசிய சுழலும் சக்கரம், ஒரே இடத்தில் விழும் சூட்டை வட்டம் முழுவதும் பங்கிட்டுவிடுவதால், எளிய கலவைகள்கூட அதில் தாக்குப்பிடிக்கின்றன. விலையாக மோட்டாரும் இரைச்சலும் தேய்மானமும் வருகின்றன.

சிவப்பில் நிலைமை வேறு. யூரோப்பியம் கலந்த நைட்ரைடுகள் அழகான சிவப்பைத் தந்தாலும், சீரியம் பத்துக்கணக்கான நானோநொடிகளில் ஒளியை உமிழ்ந்து அடுத்த ஃபோட்டானுக்குத் தயாராகும்போது, யூரோப்பியத்துக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோநொடி தேவைப்படுவதால், செறிந்த லேசரில் அது விரைவில் தெவிட்டி, மேலும் ஒளியை மாற்ற இயலாமல் போகும். ஆகவே யாக்கின் மஞ்சளிலிருந்து சிவப்பை வடிகட்டி எடுப்பதையோ, தனிச் சிவப்பு டையோடைச் சேர்ப்பதையோ நான் பரிந்துரைப்பேன்.

எதைத் தேர்ந்தாலும், தகடு விரிசல் விட்டாலோ பெயர்ந்து விழுந்தாலோ மாறாத நீலக் கற்றை அப்படியே வெளியேறும். மாற்றிய ஒளியின் அளவு குறைந்ததும் லேசரை உடனே நிறுத்தும் உணரி கட்டாயம் இருக்க வேண்டும்.