அலமாரிக் கதவைப் பட்டறைக்குக் கொடுத்தனுப்பாதீர்கள்

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்விக வீடு. முன்னோர்களைக் கும்பிடும் படைப்புக்குப் பங்காளிகள் வந்து சேர்வதற்குள் அடுப்படி அலமாரிகளைப் புதுப்பித்துவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. சுவரில் பதித்த 7 அலமாரிகள், 14 கதவுகள், அத்தனையும் பர்மா தேக்கு. எந்தப் புண்ணியவானோ அவற்றின் மேல் பச்சை எனாமல் அடித்துவைத்திருந்தார். அதற்கும் மேல் ஒரு தலைமுறை அடுப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும்.

தெரிந்தவர் மூலமாக ஒரு பாலிஷ் காண்ட்ராக்டர் வந்தார். கதவைத் தட்டிப் பார்த்தார், கீலைத் தடவிப் பார்த்தார். கீலை ஏன் அவ்வளவு நேரம் தடவினார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. "மெஷினில் தேய்த்து பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு போட்டுவிடுகிறேன் ஆச்சி, பத்து வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றார். 42,000 ரூபாய் பேசி, 30,000 முன்பணம் கொடுத்தேன். துண்டுச்சீட்டில்கூட எதுவும் எழுதி வாங்கவில்லை.

முதல் இரண்டு கதவுகளை வீட்டு முற்றமான வளவில் வைத்தே தேய்த்தார்கள். பிசுக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவி எடுக்காமல் நேரே மெஷினை வைத்தார்கள். அப்படிச் செய்தால் எண்ணெய் மரத்துக்குள்தான் இறங்கும். அதைவிட மோசம் அந்தப் பச்சைத் தூசி. பழைய எனாமல் பெயின்டில் நச்சான ஈயம் (லெட்) இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கை)த் தாண்டக் கூடாது என்ற விதியே 2016இல்தான் வந்தது. எங்கள் பச்சைக்கு அதைவிட வயது அதிகம். ஈரப்படுத்தித்தான் தேய்க்க வேண்டும், தூசி பறக்கவே கூடாது. பேரன் தவழ்கிற ஆத்தங்குடிக் கல் தரையில் அது மாவுபோல் படிந்து கிடந்தது. சத்தம் போட்டேன்.

உடனே அவர் குரல் தேனாகிவிட்டது. "கதவுகளையெல்லாம் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுகிறோம். வீட்டில் ஒரு பொட்டுத் தூசி இருக்காது." நானே வண்டியில் ஏற்றி அனுப்பினேன். எண்ணி அனுப்பினேன், அதுவரைக்கும் சமர்த்து.

12 நாள் கழித்து வந்த கதவுகள் கண்ணாடிபோல் மின்னின. அந்த மினுமினுப்பு ஒரு வாரம் நின்றது. இட்லிப் பானைக்கு மேலிருந்த கதவு ஆவி பட்டு வெளுத்தது. கைப்பிடியைச் சுற்றிப் பிசுபிசுத்தது. மாலை வெயில் சாய்ந்து விழுந்தபோது பார்த்தால் மரத்தின் ரேகைக்குக் குறுக்கே வட்டவட்டமாகக் கீறல்கள். 60ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கியவர்கள் 120, 180, 220 என்று படிப்படியாக ஏறி, ரேகையோடு கையால் தேய்த்து முடித்திருக்க வேண்டும். தொடங்கிய இடத்திலேயே நிறுத்திவிட்டு மேலே மினுக்கியிருக்கிறார்கள். ஓரத்திலிருந்த கொடி வேலைப்பாடு சப்பிப்போட்ட மாங்கொட்டை மாதிரி மழுங்கிவிட்டது.

புதுவயலிலிருந்து வயதான ஓர் ஆசாரியை வரவழைத்தேன். கதவின் உள்பக்கம், கண்ணுக்குத் தெரியாத மூலையில், பஞ்சில் தின்னரைத் தொட்டுத் தேய்த்தார். பூச்சு குழைந்து பஞ்சோடு வந்துவிட்டது. ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து போட்டு நன்றாக இறுகிய பி.யூ. அப்படி வராதாம், இது விலை குறைந்த லாக்கர் (lacquer) வார்னிஷ். பிறகு கீலைப் பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. பித்தளையில் காந்தம் ஒட்டுமா? 28 கீல்களும் மஞ்சள் முலாம் பூசிய இரும்பு. அப்பத்தா ஒவ்வொரு பொங்கலுக்கும் புளி போட்டுத் துலக்கிய கீல்கள் போன இடம் தெரியவில்லை.

"இந்தக் கதவு கனக்கவில்லையே" என்று மூன்றாவது அலமாரியைத் திறந்து உளி முனையால் பின்பக்கம் சுரண்டினார். சாயத்துக்கு அடியில் வெள்ளை மரம். பக்கத்துக் கதவையும் சுரண்டி என் மூக்கருகே நீட்டினார். பழந்தேக்குக்கு உரிய, தோல் பை மாதிரியான வாசனை அதில் இருந்தது, இதில் இல்லை. எண்ணிக்கை 14 சரியாகத்தான் இருந்தது.

காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் தெருவுக்கும் போனேன். ஒரு கடைக்காரர் பொறுமையாக ஒரு கூடைக் கீல்களை என் முன்னே கொட்டினார். எங்களுடையது அதில் இருந்திருந்தாலும் என்னால் அடையாளம் சொல்லியிருக்க முடியாது. ஒரு போட்டோ எடுத்துவைக்கவில்லை, கதவின் பின்னால் ஒரு குறி போடவில்லை. காவல் நிலையத்திலும் அதைத்தான் கேட்டார்கள்.

பாக்கி 12,000 ரூபாய்க்கு அவர் இன்னமும் போன் செய்துகொண்டிருக்கிறார். எடுத்தால் முதல் வார்த்தை "ஆச்சி, சௌக்கியமா?" என்பதுதான்.