இம்யூனோதெரபியைத் தொடரலாமா? தஞ்சாவூர் ஆலோசனை மையம் பற்றி

மன்னார்குடியில் இருக்கும் என் அக்காவுக்கு டிரிபிள் நெகட்டிவ் வகை மார்பகப் புற்றுநோய். கீமோவுடன், உடலின் நோய் எதிர்ப்பாற்றலையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தையும் ஏற்றி, அறுவை சிகிச்சை முடிந்து, எடுத்த திசுவில் புற்றணுக்களே இல்லை என்று பெத்தாலஜி (திசுப் பரிசோதனை) அறிக்கை வந்தது. அதன் பிறகும் அந்த மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை இன்னும் 9 தவணை ஏற்றத்தான் வேண்டுமா என்று கேட்பதற்காகத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையிலுள்ள தனியார் ஆலோசனை மையம் ஒன்றுக்குச் சென்றோம்.

அங்குள்ள மருத்துவர் பயமுறுத்தவும் இல்லை, ஆசை காட்டவும் இல்லை. அறிக்கையின் பின்பக்கத்திலேயே, இந்த மருந்தை இதே வகைப் புற்றுநோயில் சோதித்த கீநோட்-522 என்ற ஆய்வின் எண்களை எழுதிக் காட்டினார். அக்காவைப் போல நோய் முழுவதும் மறைந்தவர்களில், 5 ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் இந்த மருந்து பெற்ற பிரிவில் சுமார் 92 சதவீதம், பெறாத பிரிவில் சுமார் 88 சதவீதம். ஆனால் அந்த வித்தியாசத்தில் அறுவைக்கு முன் ஏற்றியதன் பங்கு எவ்வளவு, பின் ஏற்றியதன் பங்கு எவ்வளவு என்பதை அந்த ஆய்வைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது என்றும், அதற்காகவே ஆப்டிமைஸ்-பிசிஆர் என்ற ஆய்வு தொடங்கப்பட்டது என்றும் விளக்கினார். இவ்வளவு தெளிவாக இதை எங்களுக்கு வேறு யாரும் சொன்னதில்லை.

அக்காவுக்கு ஏற்கெனவே தைராய்டு குறைந்து, தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை எடுக்கிறார். "மாடி ஏறும்போது மூச்சு வாங்குதாம்மா? எழுந்து நின்னா தலை சுத்துதா?" என்று மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்த மருந்து நுரையீரலில் அழற்சியை உண்டாக்கலாம், அட்ரீனல் சுரப்பியையும் பாதிக்கலாம் என்பதால், அந்தச் சுரப்பி சுரக்கும் கார்டிசோல் ஹார்மோனின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். முடிவை அக்காவிடமே விட்டார். ஒவ்வொரு தவணைக்கும் முன்பு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு தொடர்வது என்று அக்கா தீர்மானித்தார்.

பணம் கட்டும் இடத்தில்தான் மனம் கசந்தது. லட்சக்கணக்கில் செலவாகும் மருந்துக்கு மொத்தத் தொகையை எழுதித் தரும்படி திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. குறுவை அறுவடைப் பணத்தை நம்பியிருக்கும் குடும்பங்கள் வரும் ஊரில் இது சரியல்ல. மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டம் பற்றியும் கிளம்பும் நேரத்தில் ஒரு செவிலியர் சொல்லித்தான் தெரிந்தது. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இருந்தாலும், இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு இந்த மருத்துவரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பெத்தாலஜி அறிக்கை, இதுவரை ஏற்றிய தவணைகளின் தேதிகள், தைராய்டு பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கார்டிசோலுக்குக் காலை 8 மணி வாக்கில் ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கமிருந்து வருபவர்கள் அதற்கேற்ப முதல் பேருந்திலேயே கிளம்பிவிடுவது நல்லது.