புயல் இரவுகளுக்கு ஒரு 12 கிலோ பெட்டி: எங்கள் வீட்டு பவர் ஸ்டேஷன் எப்படி?

அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் தொந்தரவு உண்டு. மூச்சுப்பாதை மூடாமல் இருக்க முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் சிபேப் கருவி இரவு முழுக்க ஓடியாக வேண்டும். புயல் வந்து கரண்ட் போனால் மற்ற எதையும் சமாளித்துவிடலாம், இதை மட்டும் முடியாது. போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் ஒன்றை, அதாவது பிளக் பாயிண்ட் வைத்த பெரிய பேட்டரிப் பெட்டியை, வாங்கியது இதற்காகத்தான். ஜெனரேட்டரை நான் யோசிக்கவே இல்லை. அதை வீட்டுக்குள்ளோ ஜன்னலுக்குப் பக்கத்திலோ ஓட்டக் கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. குறைந்தது 6 மீட்டராவது தள்ளி, திறந்த வெளியில் வைக்க வேண்டும். கொட்டுகிற மழையில் நடு ராத்திரி யார் போய் அதற்கு எண்ணெய் ஊற்றுவது?

கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த அளவில் வருகிற பெட்டிகளின் குணம் பெரும்பாலும் ஒன்றுதான். எங்களுடையது 1,000 வாட் அவர், லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 12 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அம்மா ஒரு கையால் தூக்க மாட்டார், இரண்டு கையால் தூக்கிவிடுவார். 1,000 வாட் அவர் என்றால் 100 வாட் இழுக்கும் பொருளை 10 மணி நேரம் ஓட்டலாம் என்று கணக்கு. ஆனால் பேட்டரியின் டிசி கரண்டை வீட்டு ஏசி கரண்டாக மாற்ற உள்ளே இருக்கும் இன்வெர்ட்டரே ஒரு பங்கைத் தின்றுவிடுவதால் கைக்கு வருவது 850 போலத்தான். விளம்பரத்தில் இந்த 850 எங்கேயும் கண்ணில் படாது.

எனக்கு மிகவும் பிடித்தது முன்பக்கத் திரை. எத்தனை வாட் வெளியே போகிறது, இந்த வேகத்தில் இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. எல்ஈடி பல்பு 9 வாட், ரவுட்டர் 10 வாட். கெட்டிலைச் செருகினால் பெட்டி கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். சூடாக்கும் எந்தப் பொருளுக்கும் இது ஆகாது, யானைப் பசிக்குச் சோளப்பொரி. அம்மா இப்போது எதைச் செருகினாலும் முதலில் திரையைத்தான் பார்க்கிறார். "இந்தப் பழைய விசிறி 70 இழுக்குதுடா, அந்தப் புதுசு 30தான்" என்று எனக்கே பாடம் எடுக்கிறார்.

அப்பாவின் கருவி விஷயத்துக்கு வருகிறேன். அதில் காற்றை ஈரப்படுத்தச் சின்ன சூடேற்றி ஒன்று உண்டு. அது ஓடும்போது திரை 70 வாட் வரை காட்டும், அணைத்தால் 30க்குக் கீழே இறங்கிவிடும். சூடேற்றியோடு ஓட்டினால் ஓர் இரவு தாண்டி அடுத்த இரவின் பாதியைக்கூட எட்டாது. அது இல்லாமல் என்றால் மூன்று இரவை நெருங்கலாம். கரண்ட் இல்லாத இரவுகளில் அணைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்கிறோம். தொண்டை வறண்டுபோகிறது என்று காலையில் அப்பா முணுமுணுப்பார், ஆனால் தூங்கி எழுந்திருப்பார்.

சாதாரண பிளக் பாயிண்ட் வழியாக எடுத்தால் ஒன்றும் செருகாதபோதுகூட இன்வெர்ட்டர் தன் பங்குக்கு 10, 15 வாட் குடித்துக்கொண்டிருக்கும். பெரிய லோடுக்கு அது தெரியாது, சின்னதற்குப் பாதி வீண். ரவுட்டரை அப்படி ஓட்டினால் முழு பேட்டரியும் இரண்டு நாள்கூடத் தாங்காது. 12 வோல்ட் டிசி துளையிலிருந்து நேரே ஒரு கேபிள் போட்டால் மூன்று நாளுக்கு மேல் போகும். சிபேப் கருவிகளுக்கும் தனி டிசி கேபிள் கிடைக்கிறது. 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று கருவியின் அடியில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஃப்ரிட்ஜ் ஓடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓடும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும், அதை எங்கள் பெட்டி தாங்குகிறது. ஆனால் ஒரு நாளைக்கு ஃப்ரிட்ஜ் ஒன்றே 1,000 வாட் அவருக்கு மேல்கூடக் கேட்கலாம். கதவைத் திறக்காமல் வைத்தால் உள்ளே இருப்பது 4 மணி நேரம் வரை கெடாது. நிரம்பிய ஃப்ரீஸர் என்றால் 48 மணி நேரம்கூடக் குளிர் தாங்கும். அதனால் எங்கள் வீட்டில் முதல் உரிமை அப்பாவுக்கு, ஃப்ரிட்ஜ் அப்புறம்தான்.

இடி இடிக்கும்போது இந்தப் பெட்டி எனக்குக் கூடுதல் நிம்மதி. எச்சரிக்கை வந்ததுமே முழுக்க ஏற்றிவிட்டு, சுவர் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். வீட்டு ஒயருக்கும் அப்பாவின் கருவிக்கும் அதன்பின் தொடர்பே இல்லை. சிலர் இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த ஒயரால் பெட்டியிலிருந்து சுவர் சாக்கெட்டுக்கே கரண்ட் கொடுத்து வீடு முழுக்க ஓட்டப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது வெளியே லைனுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் பல மடங்கு வோல்ட்டாக ஏறி, கம்பத்தில் வேலை செய்கிறவர் உயிரை எடுக்கும்.

கூடவே விற்கும் 200 வாட் சோலார் பேனல் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. நல்ல வெயிலில் 150 வாட் தருகிறது. புயலுக்கு மறுநாள் வானம் மூடிக்கிடக்கும்போது 20, 30 வாட் வந்தால் அதிகம். போனுக்கு ஆகும், பெட்டிக்கு ஆகாது. கார் சாக்கெட்டில் ஏற்றலாம், ஆனால் 10 மணி நேரம் பிடிக்கும், மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடவும் கூடாது.

குறைகள் இரண்டு. ஒன்று, சதவீதக் கணக்கு. இந்த வகை பேட்டரியில் வோல்ட்டேஜ் கடைசிவரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்பதால் மீதி எவ்வளவு என்று பெட்டிக்கே சரியாகத் தெரியாது. 15 என்று காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று அணைந்திருக்கிறது. அவ்வப்போது 100 வரை முழுசாக ஏற்றினால் கணக்கு சரியாகிறது. நான் 20ஐத்தான் பூஜ்யமாக வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவதுதான் எரிச்சல். லோடு குறைவாக இருந்தால் சில மணி நேரத்தில் தானே அணைந்துவிடும் சிக்கன முறை ஒன்று இதில் இருக்கிறது. நடு ராத்திரி சிபேப் அணைந்து அப்பா திணறி எழுந்தது அதனால்தான். அதை நிறுத்த பெட்டியில் பொத்தான் கிடையாது, போன் செயலியில்தான் முடியும். அந்தச் செயலியோ உள்ளே நுழைய இன்டர்நெட் கேட்கிறது. புயலில் டவரும் படுத்துவிட்ட நேரத்தில் இன்டர்நெட்டுக்கு எங்கே போவது? வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன், "அடுத்த அப்டேட்டில் பரிசீலிப்போம்" என்று பதில் வந்தது. மருத்துவக் கருவிக்காக வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்த அன்றே, நெட் இருக்கும்போதே, அந்த முறையை அணைத்துவிட்டு ஓர் இரவு முழுக்க ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.