எட்டு வீடு என்று விற்றுப் பத்து வீடு கட்டினார்கள்: சின்ன அப்பார்ட்மென்டில் வீடு பார்ப்பவர்கள் கவனத்துக்கு

தாம்பரத்தைத் தாண்டி, இரண்டு கிரவுண்டு மனையில் கட்டிய ஒரு சின்ன அப்பார்ட்மென்டில் வீடு வாங்கி ஏமாற்றப்பட்ட குடும்பம் எங்களுடையது. வழக்கு நடப்பதால் பில்டரின் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையை வேறு இடங்களிலும் பார்த்திருப்பதாக எங்கள் வக்கீல் சொல்கிறார்.

மனை 4,800 சதுர அடி. கீழே ஸ்டில்ட் பார்க்கிங் (தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் இடம்), மேலே இரண்டு தளம், தளத்துக்கு நான்கு என மொத்தம் எட்டு வீடு. அனுமதி வாங்கிய பிளானும் அதுதான். எல்லா வீடும் ஒரே அளவு என்பதால் ஒவ்வொருவருக்கும் நிலத்தில் 600 சதுர அடி பிரிபடாத பாகம், அதாவது யூடிஎஸ். கட்டுமான ஒப்பந்தத்திலும் 600 என்றே போட்டுக் கொடுத்தார்கள்.

இரண்டாவது தளம் முடிந்த பிறகு மொட்டை மாடியில் கம்பி கட்ட ஆரம்பித்தார்கள். கேட்டதற்குத் தண்ணீர் தொட்டிக்குத் தூண் எழுப்புவதாகச் சொன்னார்கள். எழும்பியது இரண்டு வீடு. அதற்குள் எங்களிடம் முக்கால்வாசிப் பணத்தை வாங்கியாகிவிட்டது, வங்கிக் கடனுக்கு வட்டியும் ஓடிக்கொண்டிருந்தது.

கிரயப் பத்திரத்தின் டிராஃப்ட், பதிவுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்தது. அதில் பி ஷெட்யூலில், அதாவது நமக்கு வரும் நிலத்தின் பாகத்தைச் சொல்லும் இடத்தில், 480 சதுர அடி என்று இருந்தது. 4,800ஐப் பத்தால் வகுத்திருக்கிறார்கள். பில்டருக்குப் போன் போட்டால், "சார், யூடிஎஸ் எல்லாம் பேப்பர்லதான். உங்க வீடு ஒரு அடிகூடக் குறையலையே. நாளைக்கு டோக்கன் போட்டாச்சு, வந்துடுங்க" என்கிறார்.

பேப்பரில் மட்டும் இருக்கிற விஷயம் இல்லை இது. கட்டடத்துக்கு வயதாகும்போது அதன் மதிப்பு குறைந்துகொண்டே போகும், ஏறுவது நிலத்தின் மதிப்புதான். நாளைக்கு இடித்துக் கட்டினாலும், அரசு நிலத்தை எடுத்தாலும், யூடிஎஸ் கணக்கில்தான் பங்கு வரும். எங்கள் தெருவில் மனை சதுர அடி 4,500 ரூபாய். எங்களுக்குக் குறைந்த 120 சதுர அடி என்றால் 5,40,000 ரூபாய். எட்டு குடும்பத்திடமும் எடுத்த 960 சதுர அடியைத்தான் மாடியில் இருக்கும் இரண்டு வீட்டுக்கு விற்றிருக்கிறார்கள். அந்த இரண்டு வீட்டுக்காரர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அனுமதியே இல்லாத தளம் என்று தெரியாமல் வாங்கியவர்கள், சீல் வைத்தால் முதலில் பாதிக்கப்படுவதும் அவர்கள்தான்.

வீடு வாங்குபவர்களைப் பாதுகாக்க ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், இருக்கிறதே என்று கேட்பீர்கள். மனை 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ, வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ 2016ஆம் வருடச் சட்டப்படி ரெரா பதிவு தேவையில்லை. 4,800 சதுர அடி என்பது 446 சதுர மீட்டர்தான். பதிவான திட்டமாக இருந்தால் எத்தனை வீடு என்பது தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் எல்லாரும் பார்க்கிற மாதிரி இருக்கும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது. மூன்றில் இரண்டு பங்கு பேர் எழுத்தில் சம்மதிக்காமல் பிளானை மாற்றவும் முடியாது. நம்மைப் போன்றவர்கள் பட்ஜெட்டுக்குள் தேடிப் போகிற சின்னக் கட்டடங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போவது பெரிய அநியாயம்.

வங்கி லோன் கொடுத்துவிட்டது, அப்படியென்றால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்றும் பலர் நினைக்கிறார்கள். எங்களுக்கு லோன் சாங்ஷன் ஆனபோது மேல் தளமே இல்லை. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா மூன்றும் சுத்தம். வில்லங்கம் பார்த்தால் பதிவான பத்திரங்கள்தான் தெரியும், பில்டர் மாடியில் என்ன கட்டப்போகிறார் என்பது தெரியாது.

இப்போதைய நிலைமை இது: பிளானை மீறிக் கட்டியதால் பணி நிறைவுச் சான்றிதழ் வரவில்லை. அது இல்லாததால் நிரந்தர மின் இணைப்பும் இல்லை. கட்டுமான வேலைக்கு வாங்கிய தற்காலிக இணைப்பில்தான் பத்து வீடும் ஓடுகிறது. வீட்டு இணைப்பைவிடக் கட்டணம் பல மடங்கு, 100 யூனிட் இலவசமும் கிடையாது. கீழே கார் நிறுத்துமிடத்துக்கும் தனியாகப் பணம் வாங்கினார்கள், ரசீதும் தரவில்லை.

நீங்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அனுமதி எண்ணோடு கூடிய பிளான் நகலைக் கேட்டு வாங்குங்கள். பிரவுச்சர் படத்தைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் எத்தனை வீடு என்று எண்ணி, உங்கள் யூடிஎஸ்ஸை நீங்களே கணக்குப் போட்டு, அந்த எண்ணை ஒப்பந்தத்தில் சதுர அடியிலேயே எழுதச் சொல்லுங்கள். "விகிதாசாரப்படி" என்று மட்டும் போட்டால் சம்மதிக்காதீர்கள். மொட்டை மாடியில் மேற்கொண்டு கட்டும் உரிமை பில்டருக்கே என்று ஒரு வரி சில ஒப்பந்தங்களில் இருக்கும், அதை அடிக்கச் சொல்லுங்கள். பத்திர டிராஃப்ட் பதிவுக்கு ஒரு வாரம் முன்னால் கைக்கு வரவேண்டும் என்பதையும் பேசி வையுங்கள்.

ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டவர்கள் பில்டர் சமாதானம் பேசுவதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஆனால் இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். ஒப்பந்தத்தில் 600 என்று எழுதியிருந்த அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் நாங்கள் வழக்குப் போட்டிருக்கிறோம்.