தச்சுத் தொழில் பழக: ஐ.டி.ஐ.யா, பட்டறையா, குறுகிய காலப் பயிற்சியா?

வேலூர், குடியாத்தம், ஆற்காடு வட்டாரங்களில் தச்சுத் தொழிலுக்கு வர விரும்பும் இளைஞர் ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையத்தின் ஓராண்டுத் தச்சர் பிரிவில் சேரலாம், மேஸ்திரியிடம் பட்டறையில் எடுபிடியாகச் சேரலாம், அல்லது சில வாரங்களில் முடியும் திறன் பயிற்சிக்குப் போகலாம்.

ஐ.டி.ஐ.க்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதுமானது. அரசு நிலையங்களில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அங்கே பெறும் தேசியத் தொழிற்சான்றிதழ், பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை போன்ற இடங்களில் தொழில் பழகுநராக விண்ணப்பிக்கத் துணை நிற்கும். பட்டறையில் பத்தாண்டு உழைத்தவரிடமும் அப்படியொரு காகிதம் இருக்காது. ஆனால் எல்லா நிலையங்களிலும் இந்தப் பிரிவு இருப்பதில்லை என்பதால் முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

பட்டறையின் பலம் வேறு. ஐ.டி.ஐ.யில் மில்லிமீட்டரில் அளந்து பழகியவர், மேஸ்திரி "ரெண்டு நூல் விடுப்பா" என்றதும் திகைப்பார். ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, அதாவது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். அக்னி நட்சத்திர வெயிலில் நிலையோடு ஒட்டப் பொருத்திய வேப்பங்கதவு, ஐப்பசி மழையில் ஈரம் குடித்து அகலவாக்கில் உப்பிச் சிக்கிக்கொள்ளும். நீளவாக்கில் அது ஏறக்குறைய மாறாது. இதற்கான காரணத்தை வகுப்பறை தெளிவாக விளக்கிவிடும். எந்த மரத்துக்கு எத்தனை நூல் இடைவெளி விடுவது என்பதோ இழைப்புளி பிடித்த கைக்குத்தான் படியும். குறை என்னவென்றால், சில பட்டறைகளில் மாதக்கணக்கில் உப்புத்தாள் தேய்ப்பதும் டீ வாங்கி வருவதுமே பாடமாகிவிடுகின்றன. (கூலியும் தொடக்கத்தில் சொற்பமே.)

குறுகிய காலப் பயிற்சி எட்டுக்கு நாலடி பிளைவுட் பலகையை அறுத்து, லேமினேட் ஒட்டி, கீல் பொருத்தும் மாடுலர் கிச்சன் வேலைக்கு ஓரளவு உதவும். நிலை, கதவு, கட்டில் என்று மர வேலைக்குப் போக எண்ணுபவருக்கு அது போதாது.

பதினேழு, பதினெட்டு வயதில் வீட்டுச் செலவைச் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர், ஐ.டி.ஐ.யில் சேர்ந்துகொண்டு விடுமுறை நாள்களில் பட்டறைக்குப் போவதே சிறந்தது என்பது என் கணிப்பு. உடனே வருமானம் தேவைப்படுபவர் பட்டறைக்கே போகலாம். ஆனால் சேரும் முன், உளியைச் சாணை பிடிக்கவும் ரம்பப் பல்லுக்கு அரம் போடவும் எப்போது கற்றுத் தருவீர்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டுவிட வேண்டும். அதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு பட்டறை தேடலாம்.