காரைக்குடி வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை மையம்: பயிற்சிக்குப் போகலாம், செலவுக் கணக்குக்கு வேண்டாம்

என் மகளுக்குக் கடைசி ஆண்டு மெக்கானிக்கல். வெளிநாட்டில் மேற்படிப்பு என்று பிடிவாதமாக நிற்கிறாள். செக்காலைப் பக்கம் இருக்கும் ஒரு ஆலோசனை மையத்துக்குப் போய்வந்த கதை இது. பெயர் எதற்கு, விடுங்கள்.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சியைக் குறை சொல்ல முடியாது. ஆசிரியை பிள்ளைகளைப் பேச வைக்கிறார், திருத்துகிறார், மறுபடி பேச வைக்கிறார். ஏன் இந்தப் படிப்பு என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதும் எஸ்ஓபி கடிதத்தையும் அலுக்காமல் திருத்தித் தந்தார்கள்.

செலவுக் கணக்குதான் இடிக்கிறது. இங்கிலாந்துக்கு 'மொத்தச் செலவு' என்று தலைப்புப் போட்டு ஒரு தாள் தந்தார்கள். உள்ளே கல்விக் கட்டணமும் வாடகையும் மட்டும். விசாவோடு கட்ட வேண்டிய மருத்துவக் கட்டணம் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. படிப்பு ஓராண்டு என்றாலும் விசா சில மாதம் கூடுதலாக வரும், அதனால் 1,164 ஆகிவிடும். தாளில் அது இல்லை. ஒன்பது மாதச் செலவுக்கான பணம் 28 நாள் தொடர்ந்து வங்கிக் கணக்கில் கிடக்க வேண்டும் என்பதும் இல்லை. கேட்டால், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார்." ஐந்தொகை போட்டுப் பழகிய ஊரில் இப்படி ஒரு தாளை நீட்டத் தனித் தைரியம் வேண்டும்.

ஜெர்மனி பற்றி நானாகக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தார்கள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம் பிள்ளைகளுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஆனால் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்டில் முன்பே போட வேண்டும். கட்டணமல்ல அது, அங்கே போனதும் மாதம் 992 ஆகப் பிள்ளை கைக்கே வரும். நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய் தனி. இவ்வளவையும் நான் சொல்ல, அவர்கள் சொன்னது ஒன்றே ஒன்று: ஜெர்மனிக்குச் சேவைக் கட்டணம் உண்டு. இங்கிலாந்துக்கு மட்டும் ஏன் அந்தச் சேவைக் கட்டணம் இல்லை? ஆள் சேர்த்துவிட்டால் அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் முகவருக்குக் கமிஷன் தருகின்றன. ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களிடம் பொதுவாக அந்தப் பேச்சே இல்லை. கமிஷன் வாங்கட்டும், தொழில்தானே. அதை மேசையில் வைத்துப் பேசலாமே.

கடன் விஷயத்தில் சிரிப்பே வந்துவிட்டது. பெரிய தொகைக்கு வங்கி அடமானம் கேட்கும் என்று நான் கவலைப்பட, மையத்தில் இருந்த பெண் என் மனைவியிடம், "ஆச்சி, ஒங்களுக்குத்தான் அரண்மனை மாதிரி வீடு இருக்கே" என்றது. அந்த வீட்டுக்குப் பங்காளிகள் எத்தனை பேர், சென்னையில் யார், பினாங்கில் யார், எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவது யார்? முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குக்கூட எல்லோரும் ஒன்றாக வருவதில்லை.

பயிற்சிக்கு மட்டும் பணம் கட்டினோம். நாட்டை நாங்களே முடிவு செய்துகொள்கிறோம். நீங்களும் சேர்வதாக இருந்தால் மாலை வகுப்பாகக் கேளுங்கள், காலையில் ஏசி போடமாட்டார்கள்.